கட்டுமானத் தொழில் இலவசப் பயிற்சி: கேள்வி பதில்

மதுராந்தகம் உறுப்பினர்: எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தம்பிக்கு 19 வயதாகிறது. மூன்று மாதப் பயிற்சியில் சேர முடியுமா?

பதில்: தாராளமாகச் சேரலாம். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தின் இந்தப் பயிற்சிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களையும் ஐடிஐ முடித்தவர்களையும் எடுக்கிறார்கள். முதல் மாதம் சென்னையை அடுத்த தையூரில் உள்ள கட்டுமானக் கழகப் பயிற்சி நிலையத்திலும், அடுத்த இரண்டு மாதங்கள் காஞ்சிபுரம் மாவட்டம் நீவலூரில் உள்ள எல் அண்ட் டி பயிற்சி நிலையத்திலும் நடக்கும். உணவும் தங்குமிடமும் இலவசம். இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி எவரேனும் பணம் கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

திருவள்ளூர் கொத்தனார்: பயிற்சிக்கு வந்தால் கூலி போய்விடுமே?

பதில்: உங்களுக்கு ஏற்றது ஒரு வாரப் பயிற்சி. வாரியத்தில் பதிவு செய்து மூன்று ஆண்டுகள் நிறைந்த, தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அறிவிப்பின்படி நாளொன்றுக்கு 800 ரூபாய் தருகிறார்கள்.

ஆரணி உறுப்பினர்: கட்டணம் எவ்வளவு?

பதில்: கட்டணம் இல்லை. கேட்பவர் தரகர்.

விழுப்புரம் மேஸ்திரி: சாரத்தில் ஏறிக் கற்றுக்கொள்ளாத எதை வகுப்பில் கற்றுத் தருவீர்கள், ஐயா?

பதில்: கைப்பழக்கத்தைத் தருவது வேலையிடம்தான், அதில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றி ரிங் (வளையக் கம்பி) கட்டும்போது அதன் முனையில் உள்ள கொக்கியை வெறும் 90 பாகையில் மடித்து விட்டுவிடும் வழக்கமும் அதே வேலையிடத்தில்தான் தலைமுறையாகக் கைமாறி வருகிறது. நில அதிர்வில் தூணில் கம்பிகளுக்கு வெளியே மூடியிருக்கும் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்தக் கொக்கி பிரிந்துவிடும். ரிங் திறந்துகொள்ள, உள்ளே நிற்கும் கம்பிகள் வெளிப்புறமாக வளைந்துவிடும். அதனால்தான் 135 பாகைக்கு உள்நோக்கி மடித்து, நுனியைக் குறைந்தது 65 மில்லிமீட்டர் விட வேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்கிறது. சென்னை நில அதிர்வு மூன்றாம் மண்டலத்தில் (மிதமான அபாயமுள்ள பகுதி) இருப்பதால் இது நமக்கும் பொருந்தும். இந்தக் காரணத்தைச் சொல்லிக் கொடுக்க வேலையிடத்தில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

திண்டிவனம் சித்தாள்: பல வருடங்களாகக் கலவை சுமக்கிறேன். பெண்கள் கொத்து வேலை கற்க முடியுமா?

விழுப்புரம் மேஸ்திரி: பெண்களால் சாரத்தில் நின்று செங்கல் வைக்க முடியாது, அம்மா.

பதில்: மேஸ்திரி அவர்களே, அதே சாரத்துக்குத் தலையில் சாந்துச் சட்டியோடு ஏறுகிறவர் இவர்தான். சித்தாளாக வரும் ஆண் சில ஆண்டுகளில் கரணையைப் பிடித்துக் கொத்தனாராகிவிடுகிறார். பெண் கடைசிவரை சித்தாளாகவே இருக்கிறார், கூலியும் அங்கேயே நின்றுவிடுகிறது. தூக்குக் குண்டு விட்டுச் சுவரின் நேர் பார்க்கவும் ரசமட்டம் வைக்கவும் உடல் வலிமை எதற்கு? வேலையிடம் யாருக்குக் கரணை தர மறுக்கிறதோ, அவர்களுக்காகவே இந்தப் பயிற்சி மிகவும் தேவைப்படுகிறது. அம்மா, நீங்கள் அவசியம் விண்ணப்பியுங்கள்.

விழுப்புரம் மேஸ்திரி: கற்று வந்தால் வேலை யார் கொடுப்பது?

பதில்: உங்களைப் போன்றவர்கள்தான் கொடுக்க வேண்டும். பூச்சு வேலையிலும் டைல்ஸ் பதிப்பதிலும் தொடங்கிப் பாருங்கள்.

கடலூர் உறுப்பினர்: துபாயில் வேலை கிடைக்குமா?

பதில்: அது என் துறை அன்று. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் கேளுங்கள்.

செய்யாறு உறுப்பினர்: விடுதிக்குப் பணம் கட்ட வேண்டுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். பணம் கொடுக்காதீர்கள்.

திண்டிவனம் சித்தாள்: எங்கே போய்க் கேட்பது, ஐயா?

பதில்: உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில். ஆதார் அட்டை, வாரிய அட்டை, பள்ளிச் சான்று மூன்றையும் கொண்டு நீங்களே நேரில் செல்லுங்கள்.