ஆறு வருடம் நின்ற மாருதி 800: புது பேட்டரி போட்டால் ஓடுமா?

உங்கள் கேள்வி இதுதான்: வேலூர் பக்கம் ஊர் வீட்டில் அப்பாவின் மாருதி 800 ஆறு வருடமாக நிற்கிறது, புது பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்து மெக்கானிக் ஷெட் வரை ஓட்டிப் போகலாமா?

வண்டி மறுபடி ஓடும். ஆனால் பேட்டரி கடைசியில் வாங்க வேண்டியது. ஷெட் வரைக்கும்கூட ஓட்டிப் போகாதீர்கள்.

குடியாத்தத்தில் எங்கள் வீட்டிலும் இதே நிலைமைதான். 1998 மாடல், கார்புரேட்டர் வண்டி. கண் ஆபரேஷனுக்குப் பிறகு 2017இல் அப்பா ஓட்டுவதை நிறுத்தினார். வண்டியைத் தகர ஷெட்டில் விட்டு, தார்ப்பாய் போட்டு மூடி, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து வைத்தார். அவர் போன பிறகு, 2023இல்தான் நான் அதில் கை வைத்தேன். பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஒயர் கொடுத்து இரண்டு முறை செல்ஃப் அடித்தேன். உள்ளே எதையோ உரசுவது போல ஒரு சத்தம் கேட்டதும் பயந்து விட்டுவிட்டேன். அப்பாவுக்குப் பல வருடம் வேலை பார்த்த மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தவர் முதலில் சொன்னது, "தம்பி, சாவிய அம்மாகிட்ட குடுத்துடு. நான் கேக்குற வரைக்கும் அது வெளிய வரக்கூடாது."

காரணம் இருக்கிறது. இத்தனை வருடம் நின்ற இன்ஜினில் ஆயில் முழுக்க அடியில் இறங்கிவிடும். சிலிண்டர் சுவரும் பிஸ்டன் ரிங்கும் வறண்டு, லேசாகத் துருவும் பிடித்திருக்கும். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் துரு ரிங்கையும் சுவரையும் கீறிவிடும். அண்ணன் மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் அளவு இன்ஜின் ஆயில் விட்டு, இரண்டு நாள் அப்படியே ஊற விட்டார். அப்புறம் கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்றினார். முதல் அரைச் சுற்று கனமாக வந்தது, பிறகு இளகியது. கையில் சுற்ற வராத இன்ஜினைச் செல்ஃப் போட்டுச் சுற்ற வைக்கவே கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். இன்ஜினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் ரப்பர் டைமிங் பெல்ட்டையும் அப்போதே மாற்றினார். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயது ஏறும். ஓடும்போது அறுந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் உள்ளே முழுக்க வேர்க்கடலை ஓடு. எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. ஹெட்லைட் ஒயர் இரண்டு இடத்தில் கடிபட்டுச் செம்பு வெளியே தெரிந்தது. சைலன்சர் வாயில் குளவி மண்கூடு. பேட்டரி இணைப்பதற்கு முன்னால் ஒயரிங் முழுவதையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடிபட்ட ஒயரில் ஷார்ட் ஆனால் வண்டியே எரிந்துவிடும்.

அடுத்தது பெட்ரோல். டேங்க் மூடியைத் திறந்தபோது பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் வாடைதான் வந்தது. நாள்பட்ட பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகி, மிச்சம் பிசினாகிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். டேங்க் பாதி காலியாக இருந்தால் அந்த இடத்தில் துரு வேறு பிடிக்கும். மேலே புது பெட்ரோல் ஊற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். பழையதை முழுக்க வடித்து, டேங்கைக் கழற்றிக் கழுவி, பெட்ரோல் ஃபில்டரை மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்து ஒவ்வொரு ஜெட்டையும் (பெட்ரோல் போகும் சின்ன ஓட்டை) சுத்தம் செய்ய வேண்டும். ரப்பர் ஹோஸ்கள் எல்லாமே புதிதாகப் போடுங்கள். எங்கள் வண்டியில் ஒரு ஹோஸை விரலால் மடித்ததும் பிஸ்கட் மாதிரி உடைந்தது. நம் ஊர் மே மாத வெயிலில் இன்ஜின் சூடாக இருக்கும்போது அதிலிருந்து பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் தகட்டையும் பாருங்கள், அதுவும் காய்ந்து விரிசல் விட்டிருக்கும்.

நான் அதிகம் வலியுறுத்துவது பிரேக்கைத்தான். எல்லோரும் இன்ஜின் சத்தம் கேட்பதிலேயே குறியாக இருக்கிறோம். எங்கள் வண்டியில் பின் சக்கரம் இரண்டும் அசையவே இல்லை. ஹேண்ட்பிரேக் போட்டபடியே நின்றதால் பிரேக் ஷூ, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மோடு ஒட்டிவிட்டது. போதாததற்கு 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பிக் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறி, அரைச் சக்கரம் வரை நின்றது. டிரம்மைத் தட்டித் தட்டிக் கழற்றவே ஒரு முழு மதியம் ஆனது. உள்ளே ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. முன்பக்க டிஸ்க் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரில் ஒரு பிஸ்டன் ஜாம். வீல் சிலிண்டர், ஷூ, மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் கிட், பிரேக் ஹோஸ் எல்லாம் மாற்றினோம். உங்கள் வண்டி நின்ற இடத்தில் மழைத்தண்ணீர் ஏறியதா என்று வீட்டில் கேளுங்கள். ஏறியிருந்தால் கியர் ஆயிலையும் வடித்துப் பாருங்கள், பால் போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

பிரேக் ஆயில் அளவு சரியாக இருக்கிறதே, எதற்கு மாற்ற வேண்டும் என்று நான் கேட்டேன். அது ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3 என்ற வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கும்போது சூடு ஏறி, ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. வீட்டு வாசலில் மிதித்துப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

டயரில் பூ (தரையில் படும் வரிப் பள்ளம்) நிறைய இருந்தாலும் நம்ப வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1416 என்றால் 2016ஆம் வருடம் 14ஆவது வாரம் தயாரித்தது. ஆறேழு வருடம் தாண்டி, ஓரத்தில் மயிரிழை விரிசலும் இருந்தால் ஸ்டெப்னி உட்பட மாற்றிவிடுங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான் இருந்தது, துருவோடு செங்கல் நிறத்தில் வந்தது. கழுவிக் கூலன்ட் ஊற்றினோம். இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டால் சூடு ஏறாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வேலை செய்யாவிட்டால் புதிது போடுங்கள்.

இதெல்லாம் முடிய மூன்று வாரம் ஆனது. அப்புறம்தான் புது பேட்டரி வந்தது, அம்மாவிடமிருந்து சாவியும் வந்தது. புது ஆயில், ஃபில்டர் போட்டு, பிளக் மாட்டாமல் ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃப் அடித்தோம். அதன் பிறகு பிளக் மாட்டினோம். மூன்றாவது முறையில் பிடித்துக்கொண்டது. அம்மா திண்ணையிலிருந்து எழுந்து வந்து பானட் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். கிளட்ச் பிளேட்டும் ஒட்டியிருக்கும் என்று பயந்தோம், நல்லவேளை ஒட்டவில்லை.

பேப்பர் வேலையைப் பற்றியும் சொல்கிறேன், அதையும் இப்போதே ஆரம்பியுங்கள். டெல்லி மாதிரி 15 வருடப் பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்ற தடை தமிழ்நாட்டில் இல்லை. 15 வருடம் முடிந்தால் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆர்.டி.ஓ.வில் காட்டி, பசுமை வரி கட்டி ஐந்தைந்து வருடமாக ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழ்) புதுப்பிக்கலாம். காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய வண்டிக்கு இப்போது அதைவிட அதிகம். தாமதத்துக்குத் தனியாக மாதக் கணக்கில் கட்ட வேண்டும். எங்கள் ஆர்.சி. 2018லேயே முடிந்துவிட்டதால் அது ஒரு நல்ல தொகையாகிவிட்டது. வண்டி அப்பா பெயரில் இருந்து, அவர் இப்போது உயிரோடு இல்லை என்றால், பெயர் மாற்றப் படிவம் 31, கூடவே இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் நாளாகும், அதனால் அதற்கு முதலில் விண்ணப்பியுங்கள். இன்சூரன்ஸ் விட்டுப்போயிருந்தால் கம்பெனி ஆள் வண்டியைப் பார்த்த பிறகே தருவதாகச் சொல்லலாம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் பொதுச் சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். ஷெட் வரை ஓட்டாதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் ரெக்கவரி வண்டியில் ஏற்றிப் போங்கள்.

செலவில் பாதிக்கு மேல் பிரேக்குக்கும் டயருக்குமே போனது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. கிடைக்காத சின்னச் சாமான்களைச் சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். பிரேக் சாமானை மட்டும் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் வாங்காதீர்கள்.

பேப்பர் எல்லாம் கைக்கு வந்த பிறகு ஒரு ஞாயிறு விடியற்காலையில் பள்ளிகொண்டா வரை மெதுவாகப் போய் வந்தோம். திரும்பியதும் நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தோம், ஒன்று மட்டும் அதிகம் சுட்டது. அந்தக் காலிப்பரை மறுபடி பிரித்து வேலை பார்க்க வேண்டியிருந்தது. 500 கிலோமீட்டரில் ஆயிலை இன்னொரு முறை மாற்றினோம். உள்ளே தங்கியிருந்த அழுக்கெல்லாம் அதோடு வந்தது.

உங்கள் வண்டி ஹேண்ட்பிரேக் போட்டபடி நிற்கிறதா என்று இன்றைக்கே வீட்டுக்குப் போன் செய்து கேளுங்கள். போட்டிருந்தால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு எடுத்துவிடச் சொல்லுங்கள். அதன் பிறகும் சக்கரம் சுற்றவில்லை என்றால் இங்கேயே எழுதுங்கள், டிரம்மை எப்படிக் கழற்றினோம் என்று விவரமாகச் சொல்கிறேன்.