அமெரிக்காவில் 2020 கொரோனா நிவாரணப் பணம்: வீட்டில் வரிக் கணக்கில் என்னை டிபென்டென்ட் (அவர்கள் செலவில் வாழ்பவர்) என்று காட்டியதால் எனக்கு வரவில்லை. இப்போதாவது கேட்டு வாங்க முடியுமா?

தம்பி (தங்கையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்), முதலில் கேட்டதற்குப் பதில்: முடியாது. 2020 கணக்கில் விட்டுப்போனதைக் கேட்க 2024 மே 17 வரைதான் நேரம் கொடுத்தார்கள், மூன்றாவது தவணைக்கான 2021 கணக்குக்கு 2025 ஏப்ரல் 15. இரண்டும் போயாச்சு. ஆனால் கேள்வியின் கடைசியில் "பெற்றோரின் சுயநலம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் நானே அப்படி ஒரு பெற்றோர்.

ஒஹாயோவில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் டாக்ஸ் ஃபைல் பண்ணுவது நான்தான், வீட்டுக்காரர் கையெழுத்து மட்டும் போடுவார். 2020 மார்ச்சில் மகளுக்கு 19 வயது, சின்னவனுக்கு 14. கல்லூரியை மூடி அறையைக் காலி பண்ணச் சொன்னார்கள், இரண்டு பெட்டியும் ஒரு ரைஸ் குக்கருமாக வந்து இறங்கினாள். நூலகத்தில் மணிக்கு 10 டாலருக்குப் பார்த்துக்கொண்டிருந்த வேலையும் அதோடு நின்றது. உங்களுக்கும் இதேபோல்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏப்ரலில் எங்கள் கணக்கில் 2,900 டாலர் விழுந்தது. அப்புறம் சில வாரம் கழித்து ஒரு கடிதம். மேலே வெள்ளை மாளிகை என்று அச்சடித்த தாள், கீழே வேலிக்கம்பி மாதிரி ட்ரம்ப்பின் கையெழுத்து, நடுவில் தொகை. சாப்பாட்டு மேசையில் கிடந்ததை மகள்தான் எடுத்துப் படித்தாள். உறையின் பின்பக்கம் பேனாவால் எழுதினாள்: 1200, 1200, 500. கூட்டினால் சரியாக 2,900. "இதுல நான் எங்கம்மா?" என்றாள்.

அவள் எங்கேயும் இல்லை. மார்ச் 27இல் போட்ட சட்டப்படி பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,200, குழந்தைக்கு 500. ஆனால் குழந்தை என்றால் 17 வயதுக்குக் கீழே. குழந்தைகளுக்கான வரிச் சலுகையில் ஏற்கெனவே இருந்த வயதை அப்படியே தூக்கி இதிலும் வைத்துவிட்டார்கள். 17 நிறைந்து, இன்னொருவர் டிபென்டென்ட் என்று காட்டக்கூடியவராக இருந்தால் 1,200ம் இல்லை, 500ம் இல்லை. சுத்த ரெண்டுங்கெட்டான். டிசம்பரில் இரண்டாவது சுற்றாக ஆளுக்கு 600 கொடுத்தபோதும் இதே கதைதான். ஆக அவளுக்குக் கிடைக்காமல் போனது 1,800.

"என்னைப் போட்டதால உங்களுக்கு எவ்வளவு கிடைச்சுது?" என்று கேட்டாள். 500 டாலர் வரிக் குறைப்பு என்றேன். "ஐந்நூறுக்கு என் ஆயிரத்து இருநூறை வித்துட்டியா?" படிப்புச் செலவுக்கு என்று 2,500 வரை இன்னொரு சலுகை இருக்கிறது, அதையும் நாங்கள்தான் எடுத்துக்கொண்டோம். அதை அன்றைக்கு நான் அவளிடம் சொல்லவில்லை. இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

இதைப் படித்துவிட்டு "பெற்ற மகளிடம் கணக்குப் பார்த்தவள்" என்று கீழே எழுத வருபவர்கள் ஒரு நிமிடம் பொறுக்கவும். நான் அவளைப் போடாமல் விட்டிருந்தாலும் அந்தப் பணம் அவளுக்குச் சட்டப்படி வந்திருக்காது. வரிக் கணக்குக்கான 1040 படிவத்தில் இருக்கும் பெட்டி "உங்களை யாராவது டிபென்டென்டாகக் காட்ட முடியுமா" என்றுதான் கேட்கிறது, காட்டினார்களா என்று கேட்கவில்லை. 24 வயதுக்குள், முழுநேர மாணவி, செலவில் பாதிக்கு மேல் தானே சம்பாதித்துச் சமாளிக்கவில்லை என்றால் முடியும் என்றுதான் அர்த்தம். விடுதியில் இருந்த மாதங்களும் வீட்டில் இருந்த கணக்குத்தான். வருடத்தில் ஐந்து மாதம் படித்திருந்தாலே முழுநேர மாணவி, அதனால் மே மாதம் பட்டம் வாங்கி வெளியே வந்தவர்களில்கூடப் பலர் இதில் மாட்டிக்கொண்டார்கள். நான் சிபிஏ (பட்டயக் கணக்கர்) இல்லை, ஆனால் இந்தப் பக்கங்களை அத்தனை முறை படித்திருக்கிறேன்.

அவள் அறைத்தோழி அந்தப் பெட்டியில் டிக் போடாமல் முந்திக்கொண்டு ஃபைல் பண்ணி 1,200 வாங்கிவிட்டாள். விளைவு, அவள் அப்பா அவளையும் டிபென்டென்டாகக் காட்டி ஆன்லைனில் அனுப்பிய கணக்கை வரித்துறையான ஐஆர்எஸ் ஏற்கவில்லை. காகிதத்தில் நிரப்பித் தபாலில் அனுப்பிவிட்டு மனுஷன் ரீஃபண்டுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார். அந்த வீட்டில் நடந்த சண்டையோடு பார்த்தால் எங்கள் வீட்டுச் சண்டை ஒன்றுமே இல்லை.

அநியாயம் என்று பார்த்தால் என் தங்கைக்கு நடந்ததுதான் அநியாயம். டெக்சாஸில் இருக்கிறாள். கணவருக்கு எச்1பி வேலை விசா, இவளுக்கு மனைவி என்பதால் எச்4 விசா, வேலை செய்ய அனுமதி கிடையாது, அதனால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கிடையாது, வரிக்காக மட்டும் ஐடிஐஎன் என்று ஒரு எண். இருவரும் சேர்ந்து ஃபைல் பண்ணியதால் முதல் சுற்றில் அந்தக் குடும்பத்துக்கே பூஜ்யம். ஒழுங்காக வரி கட்டிய கணவருக்கும் இல்லை, இங்கேயே பிறந்த குழந்தைக்கும் இல்லை! டிசம்பர் சட்டத்தில் அதைத் திருத்தி, சோஷியல் செக்யூரிட்டி எண் உள்ளவர்களுக்கு மட்டும் முன்தேதியிட்டுக் கொடுத்தார்கள். இவளுக்கு மூன்று சுற்றிலும் ஒரு காசு வரவில்லை. "நாடு விட்டு வந்து நான் டிபென்டென்டாக்கூட இல்லை அக்கா" என்பாள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எனக்கு ஆறவில்லை.

சரி, நான் உண்மையிலேயே தப்புப் பண்ணிய இடத்துக்கு வருகிறேன். மூன்றாவது சுற்றுக்கான 2021 மார்ச் 11 சட்டத்தில் வயது வரம்பை எடுத்துவிட்டார்கள், டிபென்டென்ட் எந்த வயதானாலும் 1,400. எங்களுக்கு நாலு தலைக்கு 5,600 வந்தது, என் கணக்கில். அவள் பங்கிலிருந்து அவளுடைய பழைய கொரோலா காருக்கு ஆறு மாத இன்ஷூரன்ஸ் கட்டினேன், மிச்சத்தைக் கோடை வகுப்புக் கட்டணத்துக்கு என்று எடுத்துவைத்தேன். அவளுக்குத்தானே செலவழிக்கிறோம் என்ற நினைப்பில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செய்தியில் பார்த்துவிட்டு அவளே கேட்டாள். இன்ஷூரன்ஸ் ரசீதை நீட்டினேன். "அது நீ எப்படியும் கட்டியிருப்பேம்மா. இது என் தலைக்கு வந்த காசு" என்றாள். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "கொடுத்துடு" என்றார். அன்று ராத்திரியே ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் முழு 1,400ஐயும் அனுப்பிவிட்டேன். இன்ஷூரன்ஸ் எங்கள் தலையிலேயே விழுந்தது.

உங்கள் வீட்டிலும் அந்த மூன்றாவது தவணை வந்திருக்கும் தம்பி. முதல் இரண்டுக்காக அவர்களைத் திட்டிப் பயனில்லை, இதை வேண்டுமானால் போய்க் கேளுங்கள்.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள், வேறு ஊர். 2024இல் முதல்முறையாகத் தன் கணக்கைத் தானே ஃபைல் பண்ண உட்கார்ந்தவள் நடுவில் கூப்பிட்டாள். "அம்மா, இந்த டிபென்டென்ட் பெட்டி இருக்கே, டிக் போடணுமா?"

"வேண்டாம்."

"நிச்சயமா? அப்புறம் நீ அங்க என்னைப் போட்டுடாதே."