வாக்கில்லாவிட்டாலும் எம்.பி. உங்களுக்கும்தான்

நிரந்தர வதிவிட உரிமையோடு கனடா வந்திருக்கிறீர்கள், இன்னும் வாக்கில்லை, ஒட்டாவாவில் இருக்கும் எம்.பி.யால் உங்களுக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. பயன் இருக்கிறது. வாக்களிக்கத்தான் குடியுரிமை வேண்டும். எம்.பி.யிடம் உதவி கேட்க அவருடைய தொகுதியில் குடியிருந்தாலே போதும்.

அவருக்கு ஏன் அந்தப் பலம் என்றால், அவர் இருக்கும் சபை அப்படிப்பட்டது. கீழவையில் 343 பேர், எல்லாரும் மக்கள் தேர்தலில் தெரிவுசெய்தவர்கள். செனட் என்ற மேலவையின் 105 பேரும் நியமனம். அரசாங்கம் நிற்பதும் விழுவதும் கீழவையின் நம்பிக்கையில்தான். செனட்டால் அரசைக் கவிழ்க்க முடியாது. வரி, செலவு பற்றிய சட்டமூலமும் கீழவையில்தான் தொடங்கவேண்டும். 2005 நவம்பர் 28இல் பிரதமர் போல் மார்ட்டினின் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் 171க்கு 133 என்று தோற்றது. அடுத்த ஜனவரியிலேயே தேர்தல். குடிவரவு அமைச்சரும் இந்தச் சபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். எம்.பி. அலுவலகங்கள் விசாரிப்பதற்கென்றே அவருடைய திணைக்களம் தனிப்பிரிவு வைத்திருப்பது அதனால்தான்.

மனைவியின் ஸ்பொன்சர் விண்ணப்பம் நகராமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடாளுமன்ற இணையத்தளத்தில் உங்கள் தபால் குறியீட்டைப் போட்டால் எம்.பி.யின் பெயரும் தொகுதி அலுவலக முகவரியும் வரும். விண்ணப்ப இலக்கம், யூ.சி.ஐ. இலக்கம் (குடிவரவுத் திணைக்களம் ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள இலக்கம்), திணைக்களம் கடைசியாக அனுப்பிய கடிதம் மூன்றையும் கொண்டுபோங்கள். அங்கே தரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்காவிட்டால், தனியுரிமைச் சட்டம் காரணமாக எம்.பி. அலுவலகத்துக்குத் திணைக்களம் எந்த விபரமும் சொல்லாது. இதில்தான் பலருக்கு வீணாக நாட்கள் போகின்றன. வழக்கமான பரிசீலனைக் காலம் முடியுமுன் போனால் “பரிசீலனையில் உள்ளது” என்ற பதிலோடுதான் திரும்புவீர்கள். எந்த ஆவணம் குறைகிறது, கோப்பு எங்கே நிற்கிறது என்று எம்.பி. அலுவலகம் கேட்டுச் சொல்லும். மறுக்கப்பட்ட முடிவை மாற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. இந்தச் சேவைக்குக் கட்டணமும் இல்லை. யாராவது காசு கேட்டால் விலகிவிடுங்கள்.

சுகாதார அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், பள்ளிக்கூடம் எல்லாம் மாகாணத்தின் பொறுப்பு. அவற்றுக்கு மாகாணசபை உறுப்பினரைப் பாருங்கள்.

சட்டம் ஒன்றே மாறவேண்டும் என்றால் மனுப் போடலாம், அதற்கும் வாக்குரிமை தேவையில்லை. கனடாவில் வசிப்பவர் எவரும் கையெழுத்திடலாம், வயதெல்லை கிடையாது. இணைய மனுவுக்கு முதலில் ஆதரவாளர் ஐந்து பேரும், அதை ஏற்றுக்கொள்ள ஒரு எம்.பி.யும் வேண்டும், பிறகு 500 கையெழுத்து. காகித மனுவென்றால் 25 போதும். எம்.பி. அதைச் சபையில் சமர்ப்பித்ததும் 45 நாட்களுக்குள் அரசு எழுத்தில் பதில் தரவேண்டும். இடையில் நாடாளுமன்றம் கலைந்தால் திறந்திருக்கும் இணைய மனு அதோடு போய்விடும். தேர்தல் நெருங்குகிற நேரமென்றால் காத்திருந்து, புதிய சபை கூடிய பிறகு தொடங்குங்கள்.