இங்கிலாந்திலிருந்து இளையோர் இசைக்குழுவை கோச் பஸ்ஸில் நெதர்லாந்துப் போட்டிக்கு அழைத்துப்போக வேண்டும். ஏற்பாட்டை எங்கிருந்து தொடங்குவது?

பர்மிங்ஹாமிலிருந்து 46 பேர், ஜூலையில் நெதர்லாந்தின் கெர்க்ராடே நகரம், மூன்று இரவு, கையில் மூன்று கம்பெனிகளின் கொட்டேஷன், எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். விலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு தாளை எடுத்து டிரைவரின் நாளை எழுதுங்கள். எத்தனை மணிக்கு வேலைக்கு வருகிறார், எத்தனை மணிக்கு முடிக்கிறார், எங்கே தூங்குகிறார். மற்றதெல்லாம் அந்தத் தாளுக்குள்தான் அடங்க வேண்டும்.

எங்கள் ஊர் இளையோர் காற்றிசைக் குழுவில் என் மகள் கிளாரினெட் வாசிக்கிறாள், குழுவின் பயண ஏற்பாடு என் பொறுப்பு. எல்லாக் குழுக்களும் மேடை நேரத்தை வைத்துத்தான் அட்டவணை போடுகின்றன. மேடை நேரம், ஒத்திகை, சாப்பாடு, பரிசளிப்பு, ஊர் சுற்றல் எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் 'டிரைவர் அழைத்துப்போவார்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியில்தான் பயணமே முறியும்.

சட்டம் இதுதான். கோச் டிரைவர் ஒரு நாளில் 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். இவ்வளவு எல்லாருக்கும் தெரியும். தெரியாத பாதி ஓய்வுக் கணக்கு: வேலை தொடங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் தொடர்ந்து ஓய்வு கிடைக்க வேண்டும், ஒரு வார ஓய்வுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று முறை மட்டும் அதை 9 ஆகக் குறைக்கலாம். அதாவது டிரைவரின் ஒரு நாள் என்பது 13 மணி நேரம், சலுகையைப் பயன்படுத்தினால் 15. நடுவில் அவர் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வண்டியில் இருக்கும் டாக்கோகிராஃப் எல்லாவற்றையும் பதிவு செய்யும், 'இன்னும் ஒரு அரை மணி நேரம், ப்ளீஸ்' என்று கெஞ்சுவதற்கெல்லாம் அங்கே இடமில்லை, கெஞ்சவும் கூடாது. அவருடைய லைசென்ஸ் போவது ஒரு பக்கம், தூக்கமில்லாத மனிதர் பின்னால் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம்.

உங்கள் பயணத்தையே போட்டுப் பார்ப்போம். காலை 5 மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து புறப்பாடு என்றால் டிரைவர் டிப்போவில் 4.15க்கே வண்டியைச் சரிபார்க்கத் தொடங்கியிருப்பார். வழியில் ஒரு நிறுத்தத்தோடு ஃபோக்ஸ்டன் சேர 9.45 ஆகும். அங்கே பாஸ்போர்ட் சோதனை, காத்திருப்பு எல்லாம் முடிந்து கோச்சையே ஏற்றிக்கொண்டு கடலுக்கடியில் போகும் சுரங்க ரயில் 11.15க்குக் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 35 நிமிடத்தில் பிரான்ஸின் கலே. அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால், ஆக உள்ளூர் நேரம் 12.50. பிறகு டன்கர்க், கென்ட், பிரஸ்ஸல்ஸ், லியேஜ் என்று நாலரை மணி நேர ஓட்டம், நடுவில் 45 நிமிட நிறுத்தம், கெர்க்ராடேயில் 6 மணி சொச்சம். சாமான் இறக்கி முடிக்க 6.35. இங்கிலாந்துக் கணக்கில் 5.35, டிரைவர் வேலைக்கு வந்து 13 மணி 20 நிமிடம். பிரஸ்ஸல்ஸ் சுற்றுச் சாலையில் நெரிசலே இல்லாத ஒரு நல்ல நாளில் இது! மூன்று சலுகையில் ஒன்று முதல் நாளே செலவாகிவிட்டது. ராத்திரி 8.15க்கு மேல் அந்த கோச் ஒரு அடி நகரக் கூடாது. முதல் நாள் இரவே வேறொரு ஊரில் ஒத்திகை மண்டபம் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேள்வியில் பார்த்தேன். அதை ரத்து செய்யுங்கள், இல்லை ஹோட்டலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒன்று பாருங்கள்.

போட்டி நாள் இன்னும் சிக்கல். கெர்க்ராடே போட்டி சின்ன விஷயம் இல்லை, 1951இல் தொடங்கி இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது (2021இல் வரவேண்டியது கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போனது), ரோடாஹால் அரங்கில் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கும், முடிவு தெரிய நேரமாகலாம், பிள்ளைகள் யாரும் அதுவரை நகர மாட்டார்கள். டிரைவரைக் காலை 8 மணிக்கு வரச்சொல்லி ஊர் பார்க்கக் கூட்டிப்போனால் இரவு 11 மணிக்கு அவர் நாள் முடிந்தது, அதுவும் சலுகையோடு. அவரை மதியம் 12க்கு வரச்சொல்லுங்கள். காலையில் பிள்ளைகள் நடக்கட்டும். அந்த ஊரில் நியூஸ்ட்ராட் என்று ஒரு தெரு இருக்கிறது, நடுவில் நாட்டு எல்லை, ஒரு நடைபாதை நெதர்லாந்து, எதிர் நடைபாதை ஜெர்மனி. பார்க்க பஸ் தேவையில்லை.

மறுநாள் திரும்பும் நேரம் முந்தைய இரவு அவர் வேலையை முடித்து வண்டியை அணைத்த நேரத்திலிருந்து எண்ணப்படும். நள்ளிரவு 12 என்றால் சலுகையோடு காலை 9, சலுகை இல்லையென்றால் 11. பரிசளிப்பு முடிந்த கையோடு இரவே கிளம்பி ஒரு இரவு ஹோட்டல் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது கமிட்டியில் சொல்வார்கள், எப்போதும் சொல்வார்கள். ஒரே டிரைவரோடு அது நடக்காது.

இரண்டு டிரைவர் இருந்தால் கணக்கு மாறும்: 30 மணி நேரத்துக்குள் 9 மணி நேர ஓய்வு இருந்தால் போதும், ஆக வண்டி 21 மணி நேரம் வரை வேலையில் இருக்கலாம். செலவு கூடும், இரண்டு தனி அறை வேண்டும். உங்கள் தூரத்துக்கு அட்டவணையை ஒழுங்காகப் போட்டால் ஒருவரே போதும் என்பது என் கருத்து. ஐரோப்பிய பிராஸ் பேண்ட் சாம்பியன்ஷிப் 2024இல் லிதுவேனியாவின் பலாங்காவில் நடந்தது, 2025இல் நார்வேயின் ஸ்டாவாங்கரில். அப்படிப்பட்ட தூரம் என்றால் இரண்டுக்குக் குறைந்து யோசிக்கவே வேண்டாம். ஆனால் இரண்டு டிரைவர் இருக்கிறார்கள் என்பதற்காக இரவு முழுக்க ஓட்டிக் காலையில் நேராக மேடையில் ஏற்றாதீர்கள். டிரம்பெட்டும் ஹார்னும் உதட்டால் வாசிக்கிறவை. கோச் சீட்டில் கழுத்தை மடக்கி அரைத்தூக்கம் போட்ட பிள்ளையின் உதடு முதல் பாட்டிலேயே தளர்ந்துவிடும், ஆறு மாசப் பயிற்சி வீண்.

அடுத்து பாஸ்போர்ட். இதை இன்றே தொடங்குங்கள், ஏனென்றால் நம் ஆட்கள் விஷயத்தில்தான் இது அதிகம் சிக்கும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் பிள்ளைகளுக்கு விசா வேண்டாம், ஆனால் ஐரோப்பாவுக்குள் நுழையும் நாளில் பாஸ்போர்ட் கொடுத்து பத்து ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது, திரும்பும் நாளிலிருந்து மூன்று மாசமாவது செல்லுபடியாக வேண்டும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைக்கு, இங்கே பிறந்து வளர்ந்திருந்தாலும், ஷெங்கன் விசா (பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும். பள்ளியோடு போகிறோம், குழுவோடு போகிறோம் என்பதை நம்பி விசா எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். ஆறு மாசம் முன்பே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 12 வயதிலிருந்து எல்லாருக்கும் 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45. பணம் பெரிசில்லை, கோடைக்கு முன்னால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதுதான் பாடு. ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: கெர்க்ராடேயில் அறை கிடைக்காமல் பல குழுக்கள் பக்கத்து ஜெர்மன் நகரமான ஆஹனில் தங்கும், பத்து கிலோமீட்டர்தான். ஆனால் எல்லா இரவும் ஜெர்மனியில் தங்கினால் விசாவை நெதர்லாந்திடம் கேட்பதா ஜெர்மனியிடம் கேட்பதா என்ற கேள்வி வரும். அதனால் ஹோட்டலை முடிவு செய்த பிறகுதான் விசா விண்ணப்பம், விசா விண்ணப்பத்துக்குப் பிறகு ஹோட்டலை மாற்றவே கூடாது.

2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பாவின் புதிய நுழைவுப் பதிவு முறையும் வந்துவிட்டது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்கும் முகப் படம், கைரேகை எடுப்பார்கள், 12 வயதுக்குக் கீழே கைரேகை மட்டும் கிடையாது. பிரெஞ்சு போலீஸ் சோதனை ஃபோக்ஸ்டனிலேயே, ரயில் ஏறும் முன் நடப்பதால் கோச் முழுக்க இறங்கி ஏற வேண்டியிருக்கும். நான் மேலே போட்ட ஒன்றரை மணி நேரம் குறைவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நீங்கள் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் டிரைவரின் 15 மணி நேரத்திலிருந்துதான் போகிறது.

கருவிகளுக்கு வருகிறேன். பிள்ளைகளோடு அதே கோச்சில் கருவிகள் போனால் தனியாகச் சுங்கக் காகிதம் தேவையில்லை. தனி வேனில் அனுப்பினால் ஏடிஏ கார்னே (பொருளைத் தற்காலிகமாக வெளிநாடு கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவதற்கான சுங்க ஆவணம்) மாதிரி ஒன்று எடுக்க வேண்டியிருக்கும். எப்படியானாலும் ஒவ்வொரு கருவியின் பெயர், சீரியல் எண், மதிப்பு எழுதிய பட்டியல் ஒன்று கையில் இருக்கட்டும், இன்ஷூரன்ஸுக்கும் அதுதான் ஆதாரம். டிம்பனி, மரிம்பா மாதிரிப் பெரிய தாளக் கருவிகளைப் போட்டி நடத்துகிறவர்களே தருவார்களா என்று முதலில் எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள், தந்தால் பாதித் தலைவலி தீர்ந்தது. கிளாரினெட், ஓபோ செய்யும் கறுப்பு மரத்துக்கு 2017இல் வனப்பொருள் கட்டுப்பாடு வந்து பலர் பயந்தார்கள், 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். யாரிடமாவது தந்தம் வைத்த பழைய பசூனோ, பிரேசில் ரோஸ்வுட் கிட்டாரோ இருந்தால் அதை வீட்டில் வைத்துவிட்டு வரச்சொல்லுங்கள்.

டிக்கி அளவை எழுத்தில் வாங்குங்கள், இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். ஒரு முறை எங்களுக்கு ஒப்புக்கொண்ட வண்டிக்குப் பதில் அதே சீட் எண்ணிக்கையுள்ள வேறொரு வண்டியை அந்தக் கம்பெனி அனுப்பியது. சீட் சரி, டிக்கி சின்னது. விடியற்காலை இருட்டில், இரண்டு டியூபாவும் பாஸ் டிரம்மும் நடைபாதையில் நிற்க, ஒரு அப்பா கடைசி வரிசையில் அடுக்கிவிடலாம் என்றார். டிரைவர் மறுத்தார், மறுத்தது சரி, நடைவழியையும் அவசரக் கதவையும் மறைக்கக் கூடாது. ஒரு பெற்றோர் தன் வேனை எடுத்து வந்ததால் பிழைத்தோம். இப்போதெல்லாம் டிக்கியின் நீளம், அகலம், உயரம் கேட்டு வாங்கி, பயணத்துக்கு முந்தைய ஒத்திகையில் பள்ளி ஹால் தரையில் டேப் ஒட்டி அந்த அளவுக்குக் கட்டம் போட்டு, எல்லாப் பெட்டிகளையும் அதற்குள் அடுக்கிப் பார்க்கிறோம். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு, எனக்கு நிம்மதி.

அடுக்கும்போது ஒன்று. இங்கிலாந்து கோச்சின் கதவு இடது பக்கம். அங்கே வண்டிகள் சாலையின் வலது ஓரத்தில் நிற்கும், ஆக இடது பக்க டிக்கியைத் திறந்தால் நீங்கள் போக்குவரத்துக்கு நடுவில் நின்று டியூபா இறக்குவீர்கள். கருவிகள் எல்லாம் வலது பக்கம், சூட்கேஸ் இடது பக்கம். வலது பக்கமும் பயணிகள் இறங்கக் கதவு உள்ள வண்டியாகக் கேளுங்கள், வெளிநாட்டுப் பயணத்துக்கென்றே வைத்திருக்கும் பல கோச்சுகளில் இருக்கும். அப்புறம், மரக் கருவிகளை டிக்கியில் போடாதீர்கள், ஜூலை வெயிலில் நிற்கும் வண்டியின் சூட்டில் கிளாரினெட் விரிசல் விடும், அது மேலே பிள்ளையின் காலடியில் வரட்டும். இரவில் கருவிகளை வண்டியில் விட்டால் பல இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பணம் தராது, ஹோட்டலில் பூட்டக்கூடிய ஒரு தரைத்தள அறை கேட்டு வையுங்கள்.

இனி உங்கள் கொட்டேஷன்கள். சுரங்க ரயில் கட்டணம், பார்க்கிங், டிரைவரின் தனி அறை, சாப்பாடு, இவற்றில் எது உள்ளே, எது வெளியே என்று ஒரே மாதிரிக் கேட்டால்தான் மூன்று விலையும் ஒப்பிடக்கூடியதாக ஆகும். டிரைவருக்கு அமைதியான தனி அறை கொடுங்கள், பிள்ளைகள் கூத்தடிக்கும் மாடியில் வேண்டாம். கம்பெனியிடம் ஸ்டாண்டர்ட் இன்டர்நேஷனல் லைசென்ஸ் இருக்கிறதா என்று அரசின் பொதுப் பதிவேட்டில் நீங்களே பார்க்கலாம், உள்நாட்டு லைசென்ஸ் மட்டும் இருந்தால் அதோடு பேச்சு முடிந்தது. ஜெர்மன் நகரங்கள் பலவற்றுக்குள் நுழைய வண்டியில் புகை அளவுக்கான பச்சை ஸ்டிக்கர் வேண்டும், ஆஹனில் தங்குவதானால் அதையும் கேளுங்கள்.

பிறகு உங்கள் முழு அட்டவணையையும் மூவருக்கும் அனுப்புங்கள். 'சரி, பார்த்துக்கொள்கிறோம்' என்று பதில் போடும் கம்பெனியை விடுங்கள். 'இரண்டாம் நாள் இரவு உங்கள் நேரம் ஒத்துவராது, புறப்பாட்டை மாற்றுங்கள்' என்று திருத்தி அனுப்புகிறவரை எடுங்கள், நூறு இருநூறு பவுண்டு கூடினாலும். ஜூலை வாரக்கடைசிக்கு நல்ல வண்டிகள் சீக்கிரம் போய்விடும், எனவே இந்த வாரமே முன்பணம் கட்டுங்கள், விசா வேண்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்று இரவே போன் போடுங்கள். அட்டவணையைத் திருத்தி இங்கே போட்டால் நான் இன்னொரு முறை மணிக்கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன்.