அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தைத் தீர்மானிக்கும் முக்கியப் புள்ளிவிவரங்கள் எவை? அவற்றை ஆட்டத்துக்கு முன்பே கணிக்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முடிந்துபோன ஆட்டத்தை எந்த எண் தீர்மானித்தது என்பது ஒன்று. சனிக்கிழமை நடக்கப்போகும் ஆட்டத்தைப் பற்றி வெள்ளிக்கிழமை ராத்திரி என்ன சொல்ல முடியும் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்று நம்பி நான் இரண்டு சீசன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் படிக்கப் போனது நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகருக்கு. இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் அங்கே ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு மெமோரியல் ஸ்டேடியத்தை நோக்கி நடக்கும். ஆட்டம் புரியாமல் போய் உட்கார்ந்தவன்தான் நானும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு முயற்சி, அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு. ஒவ்வொரு முயற்சிக்கும் பெயர் டவுன். மூன்று டவுனில் முடியாவிட்டால், நான்காவதில் பெரும்பாலும் பந்தைக் காலால் உதைத்து எதிரணியைத் தூரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அதுதான் பன்ட். பந்தைத் தவறவிட்டோ எதிராளி கையில் எறிந்தோ இழந்தால் அது டர்ன்ஓவர்.

2021 சீசனில் நெப்ராஸ்கா மூன்று ஆட்டம் ஜெயித்து ஒன்பதில் தோற்றது. அந்த ஒன்பது தோல்விகளையும் நான் ஒரு தாளில் எழுதிக் கூட்டினேன். இல்லினாயிடம் 8 புள்ளி, ஓக்லஹோமாவிடம் 7, மிச்சிகன் ஸ்டேட்டிடம் 3, மிச்சிகனிடம் 3, மினசோட்டாவிடம் 7, பர்டூவிடம் 5, ஒஹையோ ஸ்டேட்டிடம் 9, விஸ்கான்சினிடம் 7, ஐயோவாவிடம் 7. மொத்தம் 56. ஒன்பது தோல்விக்கும் சேர்த்து 56 புள்ளிதான்! அந்த வருடம் நார்த்வெஸ்டர்னை மட்டும் ஒரே ஆட்டத்தில் 56-7 என்று அடித்திருந்தார்கள். சீசன் முழுவதையும் கூட்டினால் விட்டதைவிட 63 புள்ளி அதிகம் எடுத்த அணி அது. கைக்கு எட்டியது ஒன்பது முறை வாய்க்கு எட்டவில்லை.

அதில் செப்டம்பர் 25 ஆட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மிச்சிகன் ஸ்டேட் மைதானம், நான் அறையில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாதி முழுவதும் நெப்ராஸ்காவின் தடுப்பாட்டக்காரர்கள் எதிரணிக்கு விட்டுக்கொடுத்தது மொத்தம் 14 யார்டு. ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட, அதாவது பத்து யார்டு முன்னேறி மறுபடி நான்கு முயற்சி பெறும் வாய்ப்பை ஒருமுறைகூட, கொடுக்கவில்லை. 20-13 என்று முன்னிலை, சில நிமிடங்கள்தான் பாக்கி. ஒரு பன்ட். நெப்ராஸ்கா ஆட்கள் ஒரு பக்கம் ஓடினார்கள், பந்து மறுபக்கம் போனது. அதைப் பிடித்த ஜெய்டன் ரீடுக்கு முன்னால் ஆளே இல்லை. 62 யார்டு ஓடி, கடைசிக் கோட்டைத் தாண்டி டச் டவுன். கூடுதல் நேரத்தில் 23-20 என்று தோல்வி. யார்டு கணக்கை மட்டும் கையில் வைத்திருந்தவர் எவரும் இந்த முடிவைச் சொல்லியிருக்க மாட்டார்.

சரி, அப்படியானால் எது தீர்மானிக்கிறது? இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர் எஸ்பி பிளஸ் என்ற தரவரிசையை உருவாக்கிய பில் கானெலி. ஐந்து விஷயங்கள் என்பார் அவர்: ஒவ்வொரு முயற்சியிலும் காட்டும் செயல்திறன், பெரிய பாய்ச்சல்கள், களத்தில் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறோம் என்பது, கோட்டுக்கு அருகே வந்தபின் புள்ளியாக முடிப்பது, டர்ன்ஓவர். இந்த ஐந்திலும் ஓர் அணி மேலாக இருந்தால் தோற்பது அபூர்வம். முடிந்த ஆட்டத்தை விளக்க இது போதும். கணிக்க உட்காரும்போதுதான் இந்த ஐந்தும் ஒரே ஜாதி இல்லை என்று தெரியவரும்.

டர்ன்ஓவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்தபின் பார்த்தால் இதைப்போல் முடிவோடு ஒட்டிப்போகும் எண் குறைவு. ஆனால் அடுத்த வாரத்துக்கு இது கைகொடுக்காது. தவறவிழுந்த பந்து முட்டை வடிவம், எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. அதை எந்த அணி எடுக்கும் என்பது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. தடுப்பாட்டக்காரர் கை வைக்கும் எறிகளில் சுமாராக ஐந்தில் ஒன்றுதான் பிடியாக மாறும், மற்றவை தரையில் விழும். ஒரு மாதம் அந்த விகிதம் மேலே போனால் அணி மகா அணியாகத் தெரியும்.

அதே 2021-இல் பக்கத்து மாநிலத்து ஐயோவா இதற்குச் சரியான உதாரணம். ஐயோவா ஸ்டேட் என்ற வேறொரு கல்லூரிக்கு எதிராக 173 யார்டுதான் எடுத்தார்கள், எதிரணி எடுத்தது 339. ஆனாலும் 27-17 என்று ஜெயித்தார்கள், காரணம் நான்கு டர்ன்ஓவர். இப்படியே ஆறு ஆட்டம், ஆறும் வெற்றி. 16 எறிகளைப் பறித்திருந்தார்கள், நாட்டிலேயே முதலிடம். எனக்கு அப்போதுதான் இந்தக் கணக்கு பிடிபட ஆரம்பித்திருந்தது. அலுவலகத்தில் ஐயோவா ஊர்க்காரர் ஒருவரிடம், இது நிற்காது என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. அக்டோபர் 16 அன்று பர்டூ வந்து 24-7 என்று ஜெயித்துவிட்டுப் போனது. அன்று ஐயோவாவின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறியும் ஆட்டக்காரர், எறிந்ததில் நான்கு எதிராளி கையில் விழுந்தன. முதல் ஆறு ஆட்டத்தில் 16 பறித்தவர்கள், மிச்சம் எட்டு ஆட்டத்தில் 9 பறித்தார்கள். அதுவும் மோசமில்லை, ஆனால் பழைய வேகம் இல்லை.

இதற்கு நேர் எதிர், செயல்திறன். பார்க்கச் சுவாரஸ்யமே இல்லாத எண், ஆனால் வாரத்துக்கு வாரம் நிலைக்கும். கணக்கு எளிது. முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி கிடைத்தால் அந்த முயற்சி வெற்றி. இரண்டாவதில் 70 சதவீதம் வேண்டும். மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுவதும் வேண்டும். அதாவது முதல் டவுனில் பத்துக்கு ஐந்து யார்டு என்றால் வெற்றி, நான்கு என்றால் இல்லை. ஆனால் மூன்றாவது டவுனில் இரண்டு யார்டு பாக்கி இருக்கும்போது அதே நான்கு யார்டு முழு வெற்றி. சராசரி அணிக்கு நூறு முயற்சியில் நாற்பதைக் கொஞ்சம் தாண்டும். ஐம்பதைத் தொடும் அணி பயமுறுத்தும் அணி. கிரிக்கெட்டில் சிக்ஸர் எண்ணிக்கையைப் பார்க்காமல் டாட் பால் எண்ணிக்கையைப் பார்ப்பது போன்றது இது. ஓர் ஆட்டத்தில் எழுபது எண்பது முயற்சிகள் நடப்பதால் ஒரு துள்ளலோ ஒரு வழுக்கலோ இந்த எண்ணை அதிகம் ஆட்ட முடியாது. டர்ன்ஓவர் ஆட்டத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். நிலைப்பதற்கும் நிலைக்காததற்கும் பெரும்பாலான காரணம் இதுதான்.

பெரிய பாய்ச்சல்கள் நடுவில் நிற்கின்றன. 2022 நவம்பர் 26, கொலம்பஸ். மிச்சிகன் 45, ஒஹையோ ஸ்டேட் 23. பாதி ஆட்டத்தில் ஒஹையோ ஸ்டேட்தான் 20-17 என்று முன்னால் இருந்தது. மிச்சிகனின் டச் டவுன்கள் 69 யார்டு, 75 யார்டு, 45 யார்டு எறிகள், அப்புறம் டோனோவன் எட்வர்ட்ஸ் ஓடிய 75, 85. ஐந்து முயற்சிகளில் ஆட்டம் முடிந்துவிட்டது. எந்த அணிக்கு அப்படிப் பாயத் திறமை இருக்கிறது என்பது ஓரளவு முன்பே தெரியும், எந்தச் சனிக்கிழமை பாயும் என்பது தெரியாது. முயற்சிக்கு முயற்சி வெற்றி விகிதம் அதிகமுள்ள அணிக்குப் பாய்ச்சலும் தானாகவே அதிகம் வரும் என்பதால், அதைத் தனியாகக் கணிக்க நான் மெனக்கெடுவதை விட்டுவிட்டேன்.

களத்தின் இடத்துக்கு ஒரு விலை உண்டு என்று முதலில் கணக்கிட்டுக் காட்டியவர்களில் ஒருவர் ஆட்டக்காரரே என்பது எனக்குப் பிடித்த செய்தி. சின்சினாட்டி பெங்கால்ஸ் என்ற தொழில்முறை அணியின் குவார்ட்டர்பேக் வர்ஜில் கார்ட்டர், ராபர்ட் மேக்கோலுடன் சேர்ந்து 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்த யார்டில் பந்து இருந்தால் சராசரியாக எத்தனை புள்ளி எதிர்பார்க்கலாம் என்ற கணக்கு அது. தன் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தோடு நிற்கும் அணிக்கு அந்த மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே போகும், அதாவது அடுத்த புள்ளியை எதிரணி எடுக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதையே பிழைப்பாக வைத்து ஓர் அணி ஆடியதைப் பார்க்க வேண்டுமா, 2022-இல் ஐயோவா சவுத் டகோட்டா ஸ்டேட்டை 7-3 என்று ஜெயித்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். அந்த ஏழு ஒரு டச் டவுன் இல்லை. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுத்த ஒரு ஃபீல்டு கோல், அதற்கு மூன்று புள்ளி. எதிரணியை அதன் கோட்டுக்குள்ளேயே மடக்கி எடுத்த இரண்டு சேஃப்டி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு. அதைச் சாத்தியமாக்கியது மெல்போர்னிலிருந்து வந்த டோரி டெய்லரின் பன்ட்கள்.

இனி, ஏமாற்றும் எண்கள். டிவியில் அடிக்கடி காட்டுவார்கள்: இந்த அணி அதிகம் ஓடிய ஆட்டங்களில் எல்லாம் ஜெயித்திருக்கிறது என்று. ஜெயிக்கும் அணிதான் கடைசிக் கால்பகுதியில் கடிகாரத்தைக் கரைக்க ஓடிக்கொண்டே இருக்கும். பந்தை வைத்திருந்த நேரத்துக்கும் பெரும்பாலும் இதே கதை. மூன்றாவது டவுன் சதவீதத்தையும் நான் தனியாக எடுப்பதில்லை. முதல் இரண்டு டவுன்களில் உருப்படியாக ஆடினால் மூன்றாவதில் இரண்டு யார்டுதான் பாக்கி இருக்கும், ஆடாவிட்டால் ஒன்பது. இன்னொன்று எனக்கு ஒரு சீசன் முழுவதும் தெரியாமலே போனது. கல்லூரிக் கணக்கில் குவார்ட்டர்பேக்கைப் பின்னால் வீழ்த்தும் சாக் யார்டுகளை ஓட்டத்திலிருந்து கழிப்பார்கள். தொழில்முறை என்எஃப்எல்லில் எறிதலிலிருந்து கழிப்பார்கள். எறியத்தான் முயன்றார், வீழ்ந்தார், ஆனால் ஓட்டம் மோசம் என்று பதிவாகிறது. இதைத் திருத்தாமல் எந்தக் கணிப்பும் போடாதீர்கள்.

நடைமுறையில் நான் செய்வது இதுதான். காலேஜ் ஃபுட்பால் டேட்டா தளத்தில் ஒவ்வொரு முயற்சியின் விவரமும் கிடைக்கிறது. ஆட்டம் ஒருதலையான பிறகு நடந்தவற்றைத் தள்ளிவிடுவேன், அங்கே இரண்டாம் வரிசை ஆட்கள்தான் ஆடுவார்கள். மிஞ்சியதில் ஓட்டம், எறிதல் இரண்டுக்கும் தனித்தனியாக வெற்றி விகிதம். அடுத்து எதிராளியின் தரத்துக்கு ஏற்பச் சரிக்கட்டுவது. நேரம் பிடிப்பது இதுதான். முதல் நிலையில் 130-க்கும் மேற்பட்ட அணிகள், ஒவ்வொன்றுக்கும் வழக்கமான சீசனில் 12 ஆட்டம்தான், அதிலும் ஒன்றிரண்டு சின்னக் கல்லூரிகளுக்கு எதிராக. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. செப்டம்பரில் இந்த வருட எண்களை நம்பவே முடியாது, சென்ற வருட எண்களும், யார் யார் திரும்பி வந்திருக்கிறார்கள் என்பதும்தான் பாதிக்கு மேல் எடை. 2021-இல் ஒருமுறை கல்லூரி மாறினாலும் உடனே ஆடலாம் என்று விதி வந்தபின் அந்தப் பட்டியலும் வருடா வருடம் தலைகீழாகிறது. சொந்த மைதானத்துக்கு இரண்டரைப் புள்ளி போடுகிறேன். டர்ன்ஓவர் வித்தியாசத்தைப் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்கிறேன். வருவது ஒரு புள்ளி வித்தியாசம், அதைச் சுற்றி மேலும் கீழும் பன்னிரண்டு புள்ளி தவறலாம். அதனால் யார் ஜெயிப்பார் என்று எழுதாமல், நூற்றுக்கு எத்தனை என்று எழுதுவேன்.

நான் தவறிய இடத்தையும் சொல்ல வேண்டும். 2021 முடிந்ததும், நெப்ராஸ்காவின் நெருக்கமான தோல்விகள் எல்லாம் துரதிர்ஷ்டம், அடுத்த வருடம் கணக்கு நேராகிவிடும் என்று நம்பினேன். 2022-இல் 4-8. என் தாளில் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டிருந்தேன், அதுதான் பிழை. 2021 நவம்பர் 26 அன்று ஐயோவாவுக்கு எதிராக நான் ஸ்டேடியத்தில் இருந்தேன். 21-6 என்று நாங்கள் முன்னால். நல்ல குளிர், கையுறையோடு கைதட்டிக்கொண்டிருந்தோம். பன்ட் அடிக்கும்போது ஒரு சத்தம்தான் கேட்க வேண்டும், தோல் பந்தில் கால் படும் சத்தம். அன்று உடனே இன்னொரு சத்தம் கேட்டது. ஐயோவா ஆள் கை நீட்டிப் பந்தை மறித்துவிட்டார், இன்னொருவர் அதை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார். அதன்பின் ஒரு சேஃப்டி, கடைசியில் 28-21. அது துள்ளிய பந்து இல்லை. பன்ட் மறிப்பதையும் அடிப்பதையும் ஐயோவா பல வருடமாக உட்கார்ந்து பயிற்சி செய்கிறது. நெப்ராஸ்காவிடம் அந்த உழைப்பு இல்லை, செப்டம்பர் 25 அன்றே அது தெரிந்திருந்தது.

இப்போது என் அட்டவணையில் பன்ட், கிக், ஃபீல்டு கோல் மூன்றுக்கும் தனிப் பத்தி இருக்கிறது. அதன் எடை சிறியதுதான். ஐயோவா ஆடும் வாரங்களில் மட்டும் அதை முதலில் பார்க்கிறேன்.