கதைப் பெண்களை எப்படி வாசிப்பது? கேள்வி பதில்

அக்கா, பெண்ணிய வாசிப்பு என்றால் நாயகி துணிச்சலானவளா, அடங்கிப்போகிறவளா என்று பார்ப்பதுதானே?

அது மதிப்பெண் போடும் வேலை. அந்த வீட்டில் யார் வார்த்தை, எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில் ராஜஸ்தான் கூட்டுக்குடும்பம் ஒன்று. சமையலறை வராந்தாவில் நின்றால் மலை தெரியும். அந்த இடத்தை இன்னும் அகலமாக்கலாமே என்கிறாள் மருமகள் மீனாட்சி. மாமனார் அதட்டவில்லை, சண்டை போடவில்லை. இரண்டே நாளில் அங்கே நைலான் கொடி கட்டி ஈரப்புடவைகள் தொங்குகின்றன. மலை மறைந்துவிட்டது.

அதே கதையில் மாமியாரும்தானே அதிகாரம் செய்கிறாள்? பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்பது சரிதானே?

இந்த வசனத்தை மாமனார்களுக்கு ரொம்பப் பிடிக்கும்! சமையலறையை விடாதே, அலங்காரத்தை மறக்காதே, உன் பலம் அதில்தான் இருக்கிறது என்று மீனாட்சிக்குப் புத்தி சொல்கிறாள் மாமியார் ஜீஜி. அவளுக்கு விட்டுவைத்த இடம் அவ்வளவுதான். அதற்குள் ராணியாக இருக்கப் பார்க்கிறாள்.

புதுமைப்பித்தனைப் பெண்ணியவாதி எனலாமா?

பட்டம் எதற்கு? 1943இல் வந்த 'சாப விமோசன'த்தைப் படியுங்கள். ராமன் கேட்டான், தீயில் இறங்கினேன் என்று சீதை சொன்னதும் அகலிகை கொதித்துப்போகிறாள். தனக்கு ஒரு நீதி, ராமனுக்கு ஒரு நீதியா? கடைசியில் மறுபடி கல்லாகிறாள். முதல் முறை கணவன் சாபம், இந்த முறை அது கூடத் தேவைப்படவில்லை. இத்தனைக்கும் கோதமன் திருந்திய மனிதன், அவளிடம் அன்பாகத்தான் இருக்கிறான். ஒரே ஓர் ஆணின் நல்ல குணம் போதவில்லை என்பதுதான் என்னை உலுக்கிய இடம். ஆனால் கோபப்பட்ட பெண்ணுக்குக் கல்லாவதைத் தவிர வேறு வழியே கிடையாதா என்ற சண்டை எனக்கு அவரோடு உண்டு.

பெண் எழுதினால்தான் பெண்ணியக் கதையா?

இல்லை. மேலே சொன்ன புதுமைப்பித்தன் கதையே போதும்.

மேடம், ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' முற்போக்கான கதைதானே? முன்பின் தெரியாத ஒருவன் காரில் ஏற்றிப்போய்க் கெடுத்த மகளை அம்மா ஏற்றுக்கொள்கிறாளே?

1966இல் அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் தலையில் தண்ணீர் ஊற்றி 'சுத்தமாகிவிட்டாய்' என்றால், அதுவரை அழுக்காக இருந்தாள் என்று அம்மாவும் ஒப்புக்கொள்கிறாள்தானே? அப்புறம் அவரே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில், அம்மா ஊரறியக் கத்தியிருந்தால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்த்தார். அந்த மகள் கங்காவை அண்ணன் துரத்துகிறான். வெங்கு மாமா படிக்கவைக்கிறார், அந்த மாமாவே அவளைத் தொடவும் அலைகிறார். எல்லோரும் காரில் வந்த அந்தப் பிரபுவைப் பற்றியே பேசுகிறார்கள். அடுத்த முறை வெங்கு மாமா வரும் பக்கங்களை மட்டும் தனியாகப் படித்துப் பாருங்கள்.