வேலைக்கு எந்த டார்ச்? கேள்விகளும் பதில்களும்

எலக்ட்ரிக் பேனல், லிஃப்ட், ஜெனரேட்டர், பம்ப் என்று மெயின்டனன்ஸ் வேலையிலேயே இருப்பவன் நான். சின்ன டார்ச் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்: பெட்டியில் போட்டிருக்கும் லூமன் எண்ணை, அதாவது மொத்த வெளிச்சத்தின் அளவை, கடைசியாகப் பாருங்கள். உள்ளே என்ன பேட்டரி, அதை நாமே மாற்ற முடியுமா, ஷிப்ட் முடியும்வரை வெளிச்சம் குறையாமல் நிற்குமா என்பதுதான் முதலில்.

அண்ணா, நான் எலக்ட்ரிகல் அப்ரண்டிஸ், அம்பத்தூரில் இருக்கிறேன். ஆன்லைனில் 10,000 லூமன், 9900 எம்ஏஎச் பேட்டரி என்று போட்டு 400 ரூபாய்க்கு ஒரு டார்ச் வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்த இரண்டு எண்ணுமே பொய். எம்ஏஎச் என்பது பேட்டரி எவ்வளவு கரண்ட் தேக்கும் என்பதற்கான அளவு. அதில் வரும் பேட்டரிக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் உள்ள லித்தியம் செல். அந்த அளவுக்குள் நல்ல கம்பெனிகளே பெரும்பாலும் 3500 எம்ஏஎச் வரைதான் அடைக்கிறார்கள். 9900 என்று அச்சடித்த செல்லில் 1000 தேறினாலே அதிகம். கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். நல்ல 18650 செல் சுமார் 45 கிராம் இருக்கும், போலி அதைவிட லேசாக இருக்கும்.

லூமன் கணக்கையும் நீயே போட்டுப் பார்க்கலாம். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமன் வரை கொடுக்கும். அப்படியானால் 10,000 லூமனுக்குக் குறைந்தது 65 வாட் வேண்டும். ஒரு 18650 செல்லில் மொத்தமாக இருப்பதே சுமார் 12 வாட்-அவர், அதாவது 12 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கும் அளவு. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் செல் காலி. அதற்கு முன்பே அந்தச் சூட்டில் டார்ச்சைக் கையில் பிடிக்க முடியாது.

நல்ல கம்பெனிகள் டார்ச்சுகளுக்கென்றே உள்ள எஃப்எல்1 என்ற ஸ்டாண்டர்டின்படி எண்களைப் போடும். பெட்டியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார். இருந்தாலும் அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 'ரன் டைம்' என்பது வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம். 'பீம் தூரம்' 100 மீட்டர் என்றால், 100 மீட்டர் தள்ளி பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுக்கு விழும் என்று அர்த்தம். அந்த வெளிச்சத்தில் ஒரு நட்டைக்கூட அடையாளம் காண முடியாது.

வேலைக்கு எவ்வளவு தேவை? கை எட்டும் தூரத்தில் பேனலுக்குள் பார்க்க 100 லூமன் தாராளம். பேஸ்மென்ட், மொட்டை மாடி டேங்க் மாதிரி இடங்களுக்கு 300, 400 இருந்தால் சரி. சின்ன டார்ச்சில் அதற்கு மேல் இருப்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு சூட்டினால் தானாகவே இறங்கிவிடும். கொஞ்சம் பணம் சேர்த்து, செல்லைக் கழற்றி மாற்றக்கூடிய மாடலாக வாங்கு.

நான் வயர்மேன், திருநெல்வேலி. டார்ச் அடித்துப் பார்த்தால் சில நேரம் நீல வயரும் கறுப்பு வயரும் ஒன்றுபோலத் தெரிகிறது. கண்ணில் கோளாறா, டார்ச்சில் கோளாறா?

டார்ச்சில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். மலிவான எல்இடியின் வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளையாக இருக்கும், சிவப்பு அதில் ரொம்பக் குறைவு. அழுக்கேறிய சிவப்பு வயர் பிரவுனாகத் தெரியும், பழைய பச்சையும் நீலமும் குழம்பும். நம் பேனல்களில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஷாக் அடிக்கும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல் என்று இருக்கும்போது நீலத்தைக் கறுப்பு என்று நினைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று ஒரு அளவு உண்டு, முழு மதிப்பெண் 100. சாதாரண டார்ச் 70 பக்கம் நிற்கும். உங்களுக்கு 90க்கு மேல் வேண்டும். நிச்சியா கம்பெனியின் 519ஏ எல்இடி போட்ட டார்ச்சுகள் இந்த வகைதான். கான்வாய் பிராண்டின் எஸ்2 பிளஸ் மாதிரி சின்ன மாடல்களில் இந்த எல்இடியைக் கேட்டு வாங்கலாம். வெளிச்சத்தின் நிறம் கெல்வின் என்ற அளவில் 4000 முதல் 5000க்குள், அதாவது ரொம்ப மஞ்சளும் ரொம்ப நீலமும் இல்லாமல், இருந்தால் கண்ணுக்கும் சுகம். பெட்டியில் லூமன் கொஞ்சம் குறைவாகத்தான் போட்டிருக்கும், பரவாயில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், இது உயிர் விஷயம். பின்னால் காந்தம் வைத்த அலுமினிய டார்ச்சைப் பேனல் கதவில் ஒட்டிவிட்டு வேலை பார்ப்பது இப்போது ரொம்பப் பரவியிருக்கிறது. திறந்த பேனலில் அதைச் செய்யாதீர்கள். கதவு லேசாக ஆடினாலும் டார்ச் பஸ்பார் மேல், அதாவது கரண்ட் ஓடும் உலோகப் பட்டை மேல், விழலாம். இரண்டு ஃபேஸுக்கு நடுவே அலுமினியக் குழாய் ஒன்று விழுந்தால் அதில் கிளம்பும் ஆர்க் என்ற மின் தீ முகத்தில்தான் அடிக்கும். பேனல் வேலைக்கு பிளாஸ்டிக் பாடி, அதிலும் தலையில் மாட்டும் ஹெட்லேம்ப். இரண்டு கையும் காலியாக இருக்கும், விழவும் விழாது. நிறம் நன்றாகத் தெரிகிறதே என்று டெஸ்டர் வைக்காமல் கையை வைக்கவும் வேண்டாம்.

மதுரையில் நர்ஸாக இருக்கிறேன். நைட் டூட்டியில் நோயாளியின் கண்மணி சுருங்குகிறதா என்று பார்க்க எந்த டார்ச் நல்லது?

அதற்கென்றே உள்ள பென் டார்ச், மஞ்சள் கலந்த மங்கலான வெளிச்சம் உள்ளது. மெக்கானிக் வைத்திருக்கும் டார்ச்சை யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது. நோயாளி கண்ணை இறுக மூடிக்கொள்வார், நீங்கள் பார்க்க வேண்டியதும் தெரியாது. வார்டில் சலைன் பாட்டிலையும் சார்ட்டையும் பார்க்க வேறு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றிரண்டு லூமன் மட்டும் எரியும் நிலை இருக்க வேண்டும், ஆன் செய்ததும் அந்த நிலையில்தான் தொடங்க வேண்டும். முதல் அமுக்கிலேயே முழு வெளிச்சம் அடித்தால் அந்த வரிசை முழுக்க எழுந்துவிடும்.

மன்னார்குடி பக்கம் விவசாயம். ராத்திரி த்ரீ ஃபேஸ் கரண்ட் வரும்போது மோட்டார் போடப் போக வேண்டும். பிளக்கில் நேரடியாகச் சொருகும் டார்ச் ஒரு வருடம்கூடத் தாங்குவதில்லை ஐயா. தூரமாக அடிக்கும் டார்ச் ஒன்று சொல்லுங்கள்.

அந்தப் பிளக் டார்ச்சுகள் பலவற்றில் இருப்பது சின்ன லெட்-ஆசிட் பேட்டரி. காலியான நிலையில் நாலைந்து வாரம் மூலையில் கிடந்தால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து செத்துவிடும். அறுவடை முடிந்து எடுத்து வைக்கிறோம், அடுத்த பட்டத்துக்கு எடுத்தால் எரிவதில்லை. வீட்டில் இன்னும் ஒன்று இருந்தால் பயன்படுத்தாத மாதத்திலும் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். புதிதாக வாங்கினால் லித்தியம் செல் உள்ளதாகப் பாருங்கள்.

தூரமாக அடிப்பது வேண்டாம் என்பேன். வரப்பில் நடக்கும்போது ஆபத்து காலடியில் இருக்கிறது. கட்டுவிரியன் ராத்திரியில்தான் திரியும், கண்ணாடி விரியனும் பெரும்பாலும் அப்படித்தான். தூரத்துக்கு அடிக்கும் டார்ச்சில் நடுவில் ஒரு வட்டம் பளிச்சென்று இருக்கும், சுற்றிலும் இருட்டு. உங்களுக்கு வெளிச்சம் அகலமாகப் பரவ வேண்டும், 200 லூமன் போதும். டார்ச்சைத் தோள் உயரத்தில் பிடிக்காமல் இடுப்புக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். தரையில் கிடப்பதெல்லாம் நிழலோடு தெரியும். கூடவே முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், டார்ச் மட்டும் காப்பாற்றாது.

முன்பக்கத்தை இழுத்து ஜூம் செய்யும் மாடல் சேற்று வேலைக்கு உதவாது. இழுக்கும்போது காற்றோடு ஈரமும் உள்ளே போகும். தண்ணீர் புகாத தரத்தைக் காட்டும் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். வாய்க்காலில் விழுந்தாலும் எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம்.

புது டார்ச், டைப்-சி சார்ஜிங். போனோடு வந்த சார்ஜரில் ஏறவே இல்லை. திருப்பி அனுப்பவா?

இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் போட்டிருப்பீர்கள். பழைய அகல யுஎஸ்பி முனை உள்ள கேபிளில் போட்டுப் பாருங்கள், ஏறும். சில டார்ச்சுகளில் சார்ஜருக்குத் தன்னை அடையாளம் காட்டும் சின்ன ரெசிஸ்டரைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். டைப்-சி சார்ஜர் அது இல்லாமல் கரண்ட் விடாது. ஏறினால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தக் கேபிளை டார்ச்சோடு கட்டி வையுங்கள்.

பைக் பெட்டியில் அவசரத்துக்கு வைத்த டார்ச்சில் பேட்டரி கட்டை ஒழுகி உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இனி அவ்வளவுதானா?

ஆல்கலைன் செல்லில் ஒழுகுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். கண்ணிலோ கையிலோ படாமல், பஞ்சில் கொஞ்சம் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடையுங்கள். அப்புறம் ஈரத்துணி, அப்புறம் நன்றாக உலர்த்துங்கள். ஸ்பிரிங் அரித்துப் போகாமல் இருந்தால் எரியும். இனி அவசர டார்ச்சில் செல்லைக் கழற்றி வேறாக வையுங்கள். அல்லது ரீசார்ஜ் ஆகாத லித்தியம் ஏஏ செல் போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஒழுகுவது மிகவும் அபூர்வம், பத்து வருடத்துக்கு மேல் சும்மாவே கிடக்கும். ரீசார்ஜ் ஆகும் லித்தியம்-அயன் செல்லை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாதீர்கள்.

கட்டட கான்ட்ராக்டில் சூப்பர்வைசர். செப்டிக் டேங்குக்குள் ஆள் இறங்கும்போது கொடுத்துவிட எந்த டார்ச் சரியாக இருக்கும்?

எந்த டார்ச்சும் சரியாக இருக்காது. ஆளை இறக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் சில மூச்சிலேயே மயங்கி விழுவார், காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். மேலே நின்று எட்டிப் பார்ப்பதற்கும் சாதாரண டார்ச் கூடாது. மீத்தேன் இருக்கும் இடத்தில் சுவிட்சில் வரும் பொறியே தீப்பிடிக்கப் போதும். பெட்ரோல், கேஸ் புழங்கும் இடங்களுக்கு 'எக்ஸ்' (Ex) முத்திரையோடு, அந்த இடத்தின் ஜோனுக்கு, அதாவது ஆபத்தின் வகைக்கு, சான்று பெற்ற டார்ச்சுகள் தனியாக உண்டு. அவற்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

கோயம்புத்தூர் லேத் பட்டறை. நல்ல டார்ச்தான், இப்போது தட்டினால் எரிகிறது, விட்டால் சிமிட்டுகிறது.

பின்மூடியைக் கழற்றி, மரையையும் குழாயின் வெட்டு முனையையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் கறுப்பு போகும்வரை துடையுங்கள். கரண்ட் அந்த விளிம்பு வழியாகத்தான் போகிறது, உங்கள் பட்டறை எண்ணெயும் தூளும் அங்கேதான் படியும். பிறகு மூடிக்குள் சுவிட்சைப் பிடித்திருக்கும் வளையத்தில் இரண்டு சின்னக் குழி இருக்கும். நோஸ் பிளையர் முனையை அதில் வைத்து இறுக்குங்கள். பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும். மூடும் முன் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், மெஷின் கிரீஸ் வேண்டாம். இன்னும் சிமிட்டினால் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. அளவு பார்த்து அதை மட்டும் வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.